வேளச்சேரி மூழ்காமலிருக்க எங்கே வேலை செய்வது?

தென்சென்னைப் பக்கம் முடிச்சூர்க்காரர்களுக்கும் வேளச்சேரிக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்: மழை விட்டபிறகுதான் தண்ணீர் ஏறும். ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்க்கும்போது தெருவில் கணுக்கால் அளவுதான் நிற்கும். விடிந்து, வானம் வெளுத்து, அப்பாடா என்று பால் வாங்கக் கிளம்பும் நேரத்தில் வாசற்படிகள் ஒவ்வொன்றாக மறையும். அப்போது வீட்டுக்குள் வருவது நம் தெருவில் பெய்த மழை இல்லை. மேலே எங்கோ ஏரிகள் நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்து, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்து சேர்ந்த தண்ணீர்.

சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். கூடவே, வெள்ளத் தடுப்புக்கென்று ஆசிய வளர்ச்சி வங்கியும் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியும் கடன் தருகின்றன. தேசியப் பேரிடர் தணிப்பு நிதியிலிருந்தும் பணம் வருகிறது. தென்சென்னைக்கும் அதன் புறநகருக்கும் அடுத்த சுற்றுப் பணத்தை எதில் போடுவது என்று இப்போது முடிவெடுக்காவிட்டால், இன்னும் இருபது வருஷத்துக்கு வேறு யாரோ எடுத்த முடிவோடுதான் நாம் வாழவேண்டியிருக்கும்.

முன்னால் இருப்பவை மூன்று வழிகள். தெருத்தெருவாக மழைநீர் வடிகால் போட்டுக்கொண்டே போவது ஒன்று. தண்ணீரைச் சீக்கிரமாகக் கடலில் சேர்க்கும் பெரிய கால்வாய்களை வெட்டுவது இன்னொன்று. மூன்றாவது, தண்ணீரை மேட்டிலேயே தடுத்து, ஏரியிலும் சதுப்பிலும் நிறுத்திவைத்து, மெதுவாக விடுவது. இந்த மூன்றாவதைத்தான் வடிநிலத்தை, அதாவது ஓரிடத்துக்குத் தண்ணீர் வடிந்துவரும் நிலப்பரப்பு முழுவதையும், ஒன்றாகப் பார்த்துத் திட்டமிடுவது என்கிறார்கள். முதல் பணம் அதற்குத்தான் போகவேண்டும் என்பது என் முடிவு. மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு இதைச் சொல்லவில்லை. அவற்றுக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துப் பார்த்தபிறகே சொல்கிறேன்.

ஒரு துளி போகும் வழி

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஏறக்குறைய ஒரு வரப்பாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்கே விழும் மழை முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே விழும் மழை பள்ளிக்கரணைக்குப் போகிறது. இந்தக் கிழக்குப் பக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் நன்மங்கலம் ஏரிக்கு இறங்கும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், பிறகு பள்ளிக்கரணைச் சதுப்பு. இன்னொரு பக்கம் ஆதம்பாக்கத்திலிருந்து வீராங்கல் ஓடை வேளச்சேரி வழியாக அதே சதுப்புக்கு வருகிறது. இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் தண்ணீர் கூடும் சதுப்பிலிருந்து வெளியே போக முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. அது ஓ.எம்.ஆர். சாலைக்கு அடியில் புகுந்து தெற்கு பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. நேர் கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் கடல் இருக்கிறது. தண்ணீரோ கால்வாயோடு தெற்கே வெகுதூரம் போய், முட்டுக்காடு வழியாகக் கோவளத்தில்தான் கடலைப் பார்க்கிறது.

இந்தத் துளி போகிற வழியில் எத்தனை பேர் கையில் மாறுகிறது! செம்பாக்கத்துத் தெரு தாம்பரம் மாநகராட்சி. நன்மங்கலம் ஊராட்சியாகவே இருந்துவந்த ஊர். ஏரிக்கரையும் கலங்கலும் நீர்வளத்துறை. நாராயணபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் பெருநகர சென்னை மாநகராட்சி. சதுப்பில் பெரும்பகுதி வனத்துறை. சாலைக்கு அடியில் உள்ள பாலம் சாலைக்காரர்களுடையது. கடைசியில் செங்கல்பட்டு மாவட்டம். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் வேலையை முடித்துக் கணக்குக் காட்டிவிடலாம். தண்ணீருக்கு மட்டும் எல்லை இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். பள்ளிக்கரணைக்கு வந்து சேரும் வடிநிலம் சுமார் 250 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் 30 செ.மீ. பெய்தால் 7,500 கோடி லிட்டர், அதாவது 2.6 டி.எம்.சி.க்கு மேல் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். 30 செ.மீ. என்பது கற்பனையும் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

அந்த 2.6 டி.எம்.சி.யை ஒரே நாளில் வடித்துவிட வேண்டுமென்றால் வினாடிக்கு சுமார் 30,000 கனஅடி வெளியேற வேண்டும். 2015-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த அதிகபட்சத் தண்ணீர் 29,000 கனஅடி. அதுவும் சேர்ந்து வந்த வெள்ளத்தைத் தாங்க முடியாமல்தான் அடையாற்றின் இரு கரையும் மூழ்கின. மண்ணில் இறங்குவது, ஏரியில் தங்குவது என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் மிச்சம் 20,000 கனஅடி. அதை ஒக்கியம் மடுவும், கிட்டத்தட்டச் சரிவே இல்லாத பக்கிங்ஹாம் கால்வாயும் ஒரே நாளில் கொண்டுபோகும் என்று எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தெரு வடிகால்: கண்ணில் படும் வேலை

வடிகாலால் பயனே இல்லை என்று பேசுவது நியாயமில்லை. 2021 நவம்பரில் தியாகராய நகர் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. வடிகால் பணிகளும் மாம்பலம் கால்வாய்ச் சீரமைப்பும் நடந்தபிறகு, 2022 பருவமழையில் அதே தெருக்கள் வேகமாக வடிந்தன. சாதாரண மழைக்கு, ஆறேழு சென்டிமீட்டர் பெய்து ஓய்கிற மழைக்கு, வடிகால் அவசியம். பள்ளிக்கூடம் போகிற குழந்தை நனைந்த காலோடு உட்காராமலிருக்க அதுதான் வழி. வடிகால் கேட்டு மனு கொடுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

செலவு கொஞ்சமில்லை. வடக்கே கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 769 கி.மீ. நீளத்துக்கு எடுத்த திட்டத்தின் மதிப்பு 3,220 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு நாலு கோடிக்கு மேல். ஆனாலும் இது அரசியலுக்குத் தோதான வேலை. வார்டு வார்டாகப் பிரிக்கலாம், டெண்டர் விடலாம், படம் எடுத்துப் போடலாம்.

கோளாறு எங்கே என்றால், வடிகாலின் மறுமுனையில். வீராங்கல் ஓடையில் வந்து விழும் ஒரு வடிகாலின் வாயைப் பெருமழை நாளில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். ஓடையின் நீர்மட்டம் வடிகாலின் வாய்க்கு மேலே ஏறிவிட்டால், தெருத் தண்ணீர் வெளியே போவது நின்றுபோகும். இன்னும் ஒரு சாண் ஏறினால் ஓடைத் தண்ணீர் வடிகாலுக்குள் புகுந்து, தெருவிலுள்ள மூடியின் இடுக்குகள் வழியாகக் கொப்பளித்துக்கொண்டு மேலே வரும். சதுப்பு நிரம்பி நின்றால் ஓடை வடியாது. ஓடை வடியாவிட்டால் வடிகாலும் வடியாது. அன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்த கான்கிரீட், வெள்ளத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும் பாதையாக மாறிவிடுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், மேட்டில் போடும் வடிகால் பள்ளத்துக்குச் செய்வது. முன்பு காலி மனையிலும் மண் சாலையோரத்திலும் தங்கித் தங்கி வந்த தண்ணீரை, புது வடிகால் ஒரு மணி நேரத்தில் ஏரிக்கோ ஆற்றுக்கோ தள்ளிவிடுகிறது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு நகர் நிம்மதியாகிறது, வரதராஜபுரத்தில் பி.டி.சி. காலனிக்கும் ராயப்பா நகருக்கும் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரமாகவும் மொத்தமாகவும் வந்து சேர்கிறது. பெய்த மழையில் மாற்றமில்லை, அது வந்துசேரும் நேரம்தான் சுருங்குகிறது. வெள்ளத்தின் உச்சம் அந்த நேரத்தைப் பொறுத்தது.

வடிகாலே வேண்டாத இடங்களும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை மணற்பாங்கான நிலம். பெய்கிற மழையை மணலே குடித்து, நிலத்தடியில் நன்னீராக வைத்துக்கொள்கிறது. கோவளம் வடிநிலத் திட்டத்தில் அங்கும் வடிகால் என்று வந்தபோது குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எல்லா மண்ணுக்கும் ஒரே வடிகால் வரைபடம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

பெரிய கால்வாய்: கடலுக்குக் குறுக்குவழி

இரண்டாவது வழியில் உண்மையான பலம் இருக்கிறது. அடையாறு தொடங்கும் ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பகுதிகளில் நீர்வளத்துறை மூடிய கால்வாய்களைக் கட்டியிருக்கிறது. போரூர் ஏரியின் உபரிநீருக்கும் அப்படிச் செய்திருக்கிறது. வீடுகள் நெருங்கிக் கட்டியாகிவிட்ட இடத்தில், பழைய ஓடையை மீட்க இன்னும் பத்து வருஷம் வழக்கு நடத்த வேண்டிய இடத்தில், சாலைக்கு அடியில் கால்வாய் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. முடிச்சூரில் வருஷா வருஷம் படகு பார்த்த குடும்பத்திடம் போய், மேலே ஏரியைச் சீராக்குகிறோம், பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒக்கியம் மடுவை அகலப்படுத்துவதும், அடையாறு முகத்துவாரத்தில் மணல் திட்டைப் பருவமழைக்கு முன் அகற்றுவதும் இதே வகைதான். இவை தவறாமல் நடக்கவேண்டியவை.

ஆனால் பள்ளிக்கரணைக்கு விடிவு என்று அவ்வப்போது எழும் பெரிய யோசனை வேறு: பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து கிழக்கே நேராகக் கடலுக்கு ஒரு வெட்டு. வரைபடத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். இரண்டு கிலோமீட்டர் தோண்டினால் தீர்ந்தது என்று தோன்றும். நான் தயங்குவதற்குக் காரணம், நம் கடற்கரையில் மணல் வருஷம் முழுக்கக் கூட்டிக்கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. துறைமுகம் அந்த மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. நூறு வருஷமாகக் கண்முன்னால் இருக்கும் பாடம். புதிதாக ஒரு முகத்துவாரம் திறந்தால், அது மூடாமலிருக்க இருபுறமும் கல்சுவர் கட்டவேண்டும். கட்டினால் வடக்கேயுள்ள மீனவர் குப்பங்களின் கரை அரிக்கும். கட்டாவிட்டால் மணல் மூடிவிடும். ஒவ்வொரு அக்டோபரிலும் பொக்லைன் வந்து தோண்டவேண்டும்.

கடலும் எப்போதும் வாங்கிக்கொள்ளாது. புயல் நேரத்தில் கடல்மட்டமே ஏறி நிற்கும். மிக்ஜாமின்போது முகத்துவாரங்களில் தண்ணீர் உள்வாங்கப்படாமல் தேங்கியதை எல்லாரும் பார்த்தோம். மழை மிகக் கடுமையாக இருக்கும் அதே மணி நேரங்களில்தான் கால்வாயின் திறனும் குறைகிறது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2019 கோடையில் இந்த நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வந்தது. டிசம்பரில் எவ்வளவு வேகமாகக் கடலில் தள்ளுகிறோமோ, அவ்வளவு வேகமாக ஜூனில் லாரியைத் தேடி ஓடுகிறோம். ஓ.எம்.ஆர். குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் மாதச் செலவைக் கேட்டால் தெரியும். கால்வாய் மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் வெள்ளத்துக்குப் பணம் கட்டி, வறட்சிக்கும் பணம் கட்டுவோம்.

மேட்டில் பிடித்துவைப்பது

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இதைப் பற்றி ஒரு தவறான நிம்மதி பரவியிருக்கிறது: ஏரிகளைத் தூர்வாரினால் வெள்ளம் வராது என்று. அது பாதிதான் உண்மை.

2015 நவம்பர் மாதம் முழுக்க மழை. டிசம்பர் 1-ம் தேதி காலையில் பெரும்பாலான ஏரிகள் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தன. நிரம்பிய ஏரி வெள்ளத்தைத் தடுக்காது; வந்ததை அப்படியே கலங்கல் வழியே தள்ளிவிடும். எவ்வளவு ஆழமாகத் தூர்வாரியிருந்தாலும் இதே கதைதான். அந்த ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. அவற்றை நிரப்பிவைப்பதுதான் அன்றைய நோக்கம். கீழே ஆயக்கட்டு வயல்கள் இருந்ததால் வழிந்தாலும் சேதமில்லை. இன்று வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி இருக்கிறது; கலங்கல் மட்டும் பழையபடி அசையாத கல்லாக நிற்கிறது.

ஆகவே ஏரி வெள்ளத்தைத் தாங்கவேண்டுமென்றால் கலங்கலோடு ஷட்டர் வேண்டும். மழை வருவதற்கு முன் நீர்மட்டத்தை இறக்கி இடம் வைக்கவேண்டும். எந்த ஏரியை எப்போது இறக்குவது என்று மொத்தச் சங்கிலிக்கும் சேர்த்து முடிவு செய்யவேண்டும். செம்பாக்கத்தையும் கீழ்க்கட்டளையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் நாராயணபுரம் கதி என்ன? அதனால்தான் இது தனி ஏரியின் வேலை அல்ல, வடிநிலத்தின் வேலை என்கிறேன். செம்பாக்கம் ஏரி சீரமைக்கப்பட்டது பெரிய காரியம். ஆனால் அடுத்தடுத்த ஏரிகளும் அவற்றுக்கு நடுவிலுள்ள கால்வாய்களும் கூடவே சீராகாவிட்டால், சங்கிலியில் ஒரு கண்ணிதான் புதுசு.

தண்ணீரை முன்கூட்டித் திறப்பதில் இருக்கும் பயத்தையும் மதிக்கவேண்டும். 2015 வெள்ளத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை, செம்பரம்பாக்கத்தைக் கையாண்ட விதத்தைக் கடுமையாக விமர்சித்து, இது மனிதர்களால் வந்த பேரிடர் என்றது. ஆற்றில் வந்த வெள்ளத்தில் பெரும்பங்கு ஷட்டரே இல்லாத மற்ற ஏரிகளின் உபரிநீர் என்பது அரசுத் தரப்பின் வாதம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே முடிவுக்குத்தான் வரமுடிகிறது: ஒரு பெரிய ஏரியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் போதாது. அதோடு, திறந்துவிட்டு மழை பொய்த்தால் கோடையில் பழி யார் மேல் விழும்? தனியொரு செயற்பொறியாளர் தலையில் இந்த முடிவைச் சுமத்தக்கூடாது. எந்தத் தேதியில் எந்த மட்டம், எத்தனை செ.மீ. மழை எச்சரிக்கை வந்தால் எவ்வளவு திறப்பு என்று விதியாக எழுதி, மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டால், அவரும் தைரியமாக வேலை செய்வார்.

ஏரிகளைவிட முக்கியமானது சதுப்பு. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த பள்ளிக்கரணையில், குப்பைமேடும் சாலையும் கட்டடமும் போக மிஞ்சியது சொற்பம். 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்றது. வீட்டுக்குக் கடன் வாங்கி அனுமதிக்குக் காத்திருக்கும் சின்ன மனைக்காரர்களுக்கு இது பேரிடி என்பதை உணர்கிறேன். அவர்களையும் பெரிய கட்டுமான நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைக்காமல் எல்லையைத் துல்லியமாக அளந்து சீக்கிரம் அறிவிப்பது அரசின் கடமை. ஆனால் சதுப்பில் இன்னும் ஒரு ஏக்கரை இழப்பதற்கு ஈடாக எந்த வடிகாலும் வராது.

நல்ல அடையாளங்களும் இருக்கின்றன. கிண்டி குதிரைப் பந்தய மைதான நிலம் 160 ஏக்கரை 2024-ல் அரசு மீட்டபிறகு அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. வேளச்சேரிக்கு மேல்பக்கத்தில், நகரத்தின் நடுவிலேயே, தண்ணீர் தங்க இடம் கிடைத்தது. அளவில் சிறியதுதான். இடமே இல்லை என்று சொல்லிவந்த நகரத்தில் இடம் கிடைத்ததே, அதைச் சொல்கிறேன்.

இந்த வழியின் கசப்பான பகுதி, நிலம். ஓடையையும் ஏரியையும் மீட்பது என்றதும் முதலில் இடிபடுவது கரையோரக் குடிசைகள். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து வெள்ளத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்ட குடும்பங்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள்? பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும். அந்த இரண்டும் இதே பள்ளிக்கரணை–கோவளம் வடிநிலத்தின் பள்ளத்தில் இருப்பவை. மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் இடுப்பளவு தண்ணீரில் சாமான்களைத் தலையில் சுமந்து வருகிறவர்கள், ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டவர்கள். வடிநிலம் என்ற நினைப்பே இல்லாமல் திட்டமிட்டதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். இனி ஒரு குடும்பத்தையும் வடிநில வரைபடத்தைப் பார்க்காமல் இடம் மாற்றக்கூடாது. பட்டா கையிலிருக்கும் பெரிய ஆக்கிரமிப்பைத் தொடாமல் குடிசையைத் தொடக்கூடாது.

யார் கையில் கொடுப்பது

குழுக்களுக்குக் குறைவில்லை. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் 2021-ல் அமைந்த குழு, 2023 மார்ச்சில் இறுதி அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசு, சென்னை வடிநிலத்துக்கான ஒருங்கிணைந்த வெள்ள மேலாண்மைத் திட்டம் என்று 561.29 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் 450 கோடி ஒன்றியத்தின் பங்கு. காகிதத்தில் வடிநிலம் என்ற பெயர் வந்துவிட்டது. கட்டட அனுமதி கொடுக்கும் மேசைக்கு அது இன்னும் வரவில்லை.

அந்த மேசையில் நடப்பதைப் பார்ப்போம். தாழ்வான நிலத்தில் கட்டுகிறவர் நீர்வளத்துறையிடம் வெள்ளப் பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று வாங்கவேண்டும். அந்தச் சான்றில் வழக்கமாக வரும் நிபந்தனை, மனையை இத்தனை உயரத்துக்கு மேடாக்கிக்கொள்ள வேண்டும் என்பது. அவர் லாரி லாரியாக மண் கொட்டுகிறார். அவர் மனை தப்பிக்கிறது. அங்கே நின்றிருக்கவேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாகப் பார்த்தால் சட்டப்படி எல்லாம் சரி. ஆயிரம் மனைக்கும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஏரியையே மண் கொட்டி மூடியிருக்கிறோம்.

ஜப்பானில் தோக்கியோவை ஒட்டி ஓடும் சுருமி ஆற்றை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 42.5 கி.மீ. நீளம், 235 சதுர கி.மீ. வடிநிலம், பள்ளிக்கரணை வடிநிலம் அளவுதான். 1958-ல் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகரமாக இருந்த பகுதி பிறகு 85 சதவீதம் கட்டடமானது. 1980 முதல் ஆற்றை மட்டும் பார்க்காமல் வடிநிலம் முழுவதற்கும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். பள்ளி மைதானம், பூங்கா, குடியிருப்பு வளாகம் என்று ஆயிரக்கணக்கான சிறு தேக்கங்கள். பெரிய தேக்கம் ஒன்றுக்கு நடுவே தூண்கள்மேல் நிற்கிறது யோக்கோஹாமா விளையாட்டரங்கம். 2019 அக்டோபர் 12-ல் ஹகிபிஸ் புயல் அடித்து, ஆற்றுநீர் அந்தத் தேக்கத்துக்குள் திருப்பப்பட்டது. மறுநாளே அரங்கத்தில் ரக்பி உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது.

அங்கிருந்து நான் எடுத்துக்கொள்வது கான்கிரீட்டை அல்ல, சட்டத்தை. 2004-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இப்படி அறிவிக்கப்பட்ட ஆற்று வடிநிலத்தில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தை மாற்றிக் கட்டுகிறவர், கூடுதலாக ஓடும் மழைநீரைத் தன் வளாகத்திலேயே நிறுத்த ஏற்பாடு செய்தாகவேண்டும். நம் ஊரில் மனையை மேடாக்கு என்கிறோம். அங்கே தண்ணீரைப் பிடித்துவை என்கிறார்கள். நம் சான்றின் நிபந்தனையை இப்படி மாற்றினாலே வழி திறந்துவிடும்.

இதற்குப் புதிதாக ஓர் ஆணையம் வேண்டுமா? சட்டம் இயற்றி, ஆள் போட்டு, கட்டடம் பிடித்து அது நடக்கத் தொடங்குவதற்குள் இன்னும் இரண்டு பெருவெள்ளம் வந்துபோய்விடும். என் தேர்வு வேறு. மூன்றாவது முழுமைத் திட்டத்தில் மாவட்ட, வார்டு எல்லைகளோடு வடிநில எல்லைகளையும் சட்டபூர்வமாக வரைந்துவிடவேண்டும். ஒவ்வொரு வடிநிலத்துக்கும் ஒரே நீரியல் கணக்கு. தாம்பரமோ சென்னையோ ஊராட்சியோ, வடிகாலுக்குப் பணம் கேட்டால், அந்தத் தண்ணீர் அடுத்து எங்கே போய், கீழே மட்டத்தை எவ்வளவு ஏற்றும் என்று அந்தக் கணக்கைக் காட்டியபிறகே நிதி. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் அனுமதியும் அதற்குக் கட்டுப்படவேண்டும். இருக்கும் துறைகளே போதும். தனித்தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமையைத்தான் பறிக்கவேண்டும்.

பணத்தின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பள்ளிக்கரணைச் சங்கிலியிலுள்ள ஏரிகளுக்கு ஷட்டர், நடுவிலுள்ள இணைப்புக் கால்வாய்கள், சதுப்பின் எல்லை. அதோடு சேர்ந்தே ஒக்கியம் மடுவின் அகலமும் முகத்துவாரங்களும். கீழே வாய் அடைத்திருந்தால் மேலே பிடித்ததை விடவும் வழியிருக்காது. முடிச்சூர், வரதராஜபுரத்துக்கு மூடிய கால்வாய் இப்போதே தொடரவேண்டும், காத்திருக்கவைக்கக் கூடாது. மேட்டுப் பகுதிகளில் புதிய தெரு வடிகால் கடைசியில். இதனால் செலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் சிலர் இன்னும் இரண்டு மூன்று வருஷம் கணுக்கால் தண்ணீரில் நடக்கவேண்டியிருக்கும். அந்தச் சுமை பள்ளத்தில் இருப்பவர்கள் இதுவரை சுமந்ததைவிடச் சிறியது என்று நினைக்கிறேன். மேட்டில் இருப்பவர்களிடம் நேராகச் சொல்லிக் கேட்கவேண்டிய விஷயம் இது.

கடலுக்கு நேர்வெட்டுக்கு இப்போது பணம் வேண்டாம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே 2025-ல் அறிவித்த புதிய நீர்த்தேக்கம் குடிநீருக்கு உதவலாம். மேடவாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் மேலே தங்கவேண்டிய தண்ணீரை அது பிடிக்காது. ஆகவே அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

ஷட்டர் போட வருஷங்கள் ஆகும், நிலம் மீட்க இன்னும் ஆகும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மதகு வேலை செய்கிற ஏரிகளில் எதை, யார், எந்தத் தேதிக்குள், எத்தனை அடி இறக்கிவைப்பது, அதன் தண்ணீர் போகும்போது கீழேயுள்ள எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் முன்னால் தகவல் சொல்வது என்று வடிநிலம் முழுமைக்கும் ஒரே உத்தரவு. அதற்கு எந்த வங்கிக் கடனும் தேவையில்லை. தாம்பரம், சென்னை மாநகராட்சிகளும் நீர்வளத்துறையும் வனத்துறையும் இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் செப்டம்பருக்குள் போட்டுவிடலாம். அக்டோபரில் பருவமழை தொடங்கிவிடும்.